காது மிஷினுக்கு வந்த நோட்டீஸ்

நீதிமன்ற அமீனா வாசலில் நின்று கடன் வழக்கின் தீர்ப்பைப் படித்ததும் சகாயமேரி படியிறங்கி வந்தாள்.

“நான் எந்தக் கடனும் வாங்கலையே சார்! நோட்டீஸே வரலையே!”

“உங்க காது மிஷின்ல மூணு தடவ வாசிச்சிருக்கும்மா. சட்டப்படி நீங்க கேட்டாச்சு. இப்ப மிஷின முடக்கச் சொல்லி உத்தரவு.”

“தூங்கும்போது கழட்டி வச்சிருவேன் சார், அப்ப வாசிச்சிருக்கும். அது இல்லாட்டி எனக்கு ஒண்ணுமே கேக்காது. வீட்டுல கைக்குழந்த வேற இருக்கு.”

“அப்பீல் பண்ணுங்க” என்றபடி அவர் கைபேசியைத் தொட்டார். தெரு இரைச்சல் சட்டென்று அற்றுப்போனது.

எங்கே, எத்தனை நாளுக்குள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தன் குரலே அவளுக்குக் கேட்கவில்லை. அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்; உதடுகள் மட்டும் அசைந்தன.

அவர் போனதும் உள்ளே ஓடினாள். தொட்டிலில் பிள்ளை முகமெல்லாம் சிவந்து, வாயைப் பிளந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.