மதில் கொடுத்த வாக்கு

போன மழையில் ஆறு பெருகி விமான நிலையத்துக்குள் புகுந்தது. அதனால் இந்த வருஷம் சுற்றிலும் உயரமாக ஒரு மதில் கட்டினார்கள்.

"கவலைய விடுங்கண்ணே. இனி ஒரு சொட்டுத் தண்ணி என்னைத் தாண்டாது" என்றது மதில், ஓடுபாதையிடம்.

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஆறு என்னவோ கரைக்குள் அடக்கமாகத்தான் ஓடியது. நிலையத்துக்குள் பெய்த மழைதான் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. விமானங்களின் சக்கரங்கள் முங்கின.

"தம்பி, கழுத்துவரைக்கும் வந்துடுச்சு. பேஞ்ச தண்ணி ஆத்துக்குப் போகணும், கொஞ்சம் வழி விடேன்" என்று கெஞ்சியது ஓடுபாதை.

மதில் திரும்பவில்லை. அதன் கண் ஆற்றின் மேலேயே இருந்தது.

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? ஒரு சொட்டுகூடத் தாண்டாதுன்னு சொன்னேனா இல்லையா?"