சேனைத் தண்ணீர்

குழந்தையின் நாக்கில் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளை படர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் தணிகாசலம் பஞ்சால் துடைத்தார். அடியில் ரத்தம் கசிந்தது.

"ரெண்டு நாளா பால் குடிக்கல, ஐயா," என்றாள் குழந்தையின் தாய் பாக்கியம்.

பினாங்குத் துறைமுகக் கூலிகளின் லய வீடுகளில் இந்த மாதம் இது மூன்றாவது குழந்தை. முதல் குழந்தையைப் புதைத்தாகிவிட்டது.

"முந்தின ரெண்டு புள்ளைங்களுக்கும் இதேதான். சுரண்டி மைக்ராஸ்கோப்புல பாத்தேன். கள்ளுல நுரைக்குமே, அந்த மாதிரி ஈஸ்ட்டு. ஈறு அழுகின யாரோதான் வாய்க்கு வாய் கொண்டுவந்து விடுறாங்க."

தணிகாசலம் கன்னத்தில் ஒதுக்கியிருந்த கிராம்பை நாக்கால் நகர்த்திக்கொண்டார்.

"மருத்துவச்சி செங்கமலம் வெத்தல போடுறவதானே? அவள உள்ள விடாதன்னு சொன்னேனே."

"நீங்க போன வாரம் சொன்னதுமே லயத்த விட்டு வெரட்டிட்டாங்க. ஆனா அவ எம்புள்ள வாயத் தொடவே இல்லீங்க."

"பின்ன யாரு தொட்டது? யோசிச்சுச் சொல்லு."

பாக்கியம் தயங்கினாள்.

"பொறந்த அன்னிக்கு சேனை வச்சதோட சரி. மூணு வீட்லயும் உங்களத்தானே கூப்பிட்டோம். சக்கரத் தண்ணி சுடுதான்னு உங்க நாக்குல விரல வச்சுப் பாத்துட்டு, அதே விரலாலதானே தொட்டு வச்சீங்க."

தணிகாசலம் தன் விரலைப் பார்த்தார்.

"சேனை வக்கிறவங்க மாதிரிதான் புள்ளைங்க வரும்பாங்க. எம்புள்ளயும் உங்கள மாதிரியே வரணும்னுதான், ஐயா."

அவர் கைக்குட்டையை எடுத்துக் கிராம்பைத் துப்பினார். அது ரத்தச் சிவப்பாக விழுந்தது.