தேத்தண்ணி முட்டை

“இஞ்சேருங்கோ, அவிச்ச முட்டையைத் தட்டி வெடிக்க வைச்சு, தேத்தண்ணிக்குள்ளை ஊறப் போட்டிருக்கிறியளே, உங்களுக்கென்ன விசரோ?” என்றாள் மேரிறோஸ்.

“சீனர் இப்பிடித்தான் செய்யிறவை,” என்றார் கணவர் நீக்கிலாஸ்.

“சீனன் தின்னுறதையெல்லாம் மனிசர் தின்னுறதோ? எங்கடை மகள் றொஷானி விரும்பின பெடியன்ரை தாய் தகப்பன் பொபினியிலை இருந்து முதல்முதலா வருகினம். இந்தக் கறுப்பு முட்டையை அவைக்கு வைச்சா, பாரிஸ் லாச்சப்பல் தமிழ்ச்சனம் முழுக்க எங்களைப் பார்த்துச் சிரிக்கும்!”

மணி அடித்தது. மேரிறோஸ் கதவைத் திறந்தாள். மகளோடு நின்றவர்கள் ஒரு சீனத் தம்பதி.

“அப்பாவுக்கு மட்டும்தான் சொன்னனான், அம்மா,” என்றாள் றொஷானி மெதுவாக.

உள்ளேயிருந்து வந்த வாசனையில் அந்தச் சீனத் தாயின் முகம் மலர்ந்தது. “தேநீர் முட்டை! எங்களுக்காக யார் செய்தது?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

மேரிறோஸ் கணவரின் பக்கம் திரும்பவே இல்லை.

“நான்தான்,” என்றாள்.