இடையில் மாறிய மொழி

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிருமிநாசினி தெளிக்கும் செல்லசாமிக்கு மருந்து தெறித்து ஒரு கண் போய்விட்டது. மருந்து கலக்கும் முறை, கம்பனியின் இணையப் பக்கத்திலிருந்து சிங்களத்தில் அச்சாகி வந்திருந்தது. அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது.

தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் பிரேமினி, கொழும்புத் தலைமை அலுவலகத்தில் கணினி வலையமைப்பைக் கவனிக்கும் அசோகவைத் தொலைபேசியில் அழைத்துச் சிங்களத்தில் பேசினாள்.

“எங்கள் கணினி தமிழ்ப் பக்கத்தைத்தான் கேட்கிறது. வருவது சிங்களம்.”

“உங்களுக்கும் இணையத்துக்கும் நடுவிலுள்ள எங்கள் புரொக்சி ஃபில்டர், எந்த மொழியில் பக்கம் வேண்டும் என்று உங்கள் கணினி அனுப்பும் குறிப்பை, அதாவது ஹெடரைச் சிங்களமாக மாற்றிவிடுகிறது, மிஸ்.”

“மாற்ற யார் அனுமதித்தது?”

“எந்த ஹெடரையும் மாற்றலாம் என்று விட்டிருக்கிறார்கள். முறைப்பாடு அனுப்புங்கள். மொழி ஹெடரைத் தொடாதபடி செய்கிறேன்.”

அடுத்த வாரம் அவனே அழைத்துப் பக்கத்தைத் திறக்கச் சொன்னான். தமிழ் வந்தது.

“கண்ணாடி போடாம மருந்தக் கலக்கக் கூடாதுன்னு மேலயே இருக்குதுங்களா?” என்று மெல்லிய குரலில், தமிழில் கேட்டான்.

பிரேமினி திகைத்தாள். “நீங்க தமிழாங்க?”

“நானும் மலைநாடுதாங்க, கொட்டகலை. பேரு அசோகன். இங்க எல்லாருக்கும் சிங்களத்துல அசோக. இந்த ஹெடர் விஷயம் எனக்கு ரொம்ப நாளாவே தெரியும். வடக்குல சண்டை நடக்கிற நேரத்துல தமிழுக்காக நானா வாயத் தொறந்தா சந்தேகமா பாப்பாங்க. தோட்டத்துலேருந்து யாராச்சும் முறைப்பாடு பண்ணட்டும்னு இருந்தேன்.”

“செல்லசாமி அண்ணனுக்குக் கண்ணு போன பெறகுதாங்க பண்ணினோம்.”

மறுமுனையில் யாரோ அறைக்குள் வரும் சத்தம் கேட்டது.

“வேறு பிரச்சினை இருந்தால் சொல்லுங்கள், மிஸ்” என்று சிங்களத்தில் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டான்.