மறுமதிப்பீடு

"அறுபத்தெட்டா? இன்னொரு தடவை பாரும்மா," என்றார் அப்பா.

மகள் பிளஸ் டூ தேர்வு முடிவை ஏற்கெனவே நாலு தடவை பார்த்துவிட்டாள். மற்ற பாடங்களிலெல்லாம் தொண்ணூறுக்கு மேல். வேதியியலில் மட்டும் அறுபத்தெட்டு. வகுப்பில் இரண்டு வருஷமாக அந்தப் பாடத்தில் அவளை யாரும் முந்தியதில்லை. ஆசிரியர் வராத நாளில் பாடம் நடத்த அவளைத்தான் பலகை முன்னால் நிறுத்துவார்கள். அவள் ஆசைப்பட்ட மருந்தியல் படிப்புக்கோ வேதியியலில் எண்பத்தைந்து மார்க்காவது வேண்டும்.

வேறொரு பள்ளியில் அதே பாடம் நடத்தும் அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. என்ன மார்க் என்றுகூடக் கேட்கவில்லை. கழுவிய தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு அவமானம் என்று மகள் எண்ணிக்கொண்டாள். டீச்சர் பெண்ணே கோட்டை விட்டுவிட்டாள் என்று நாலு பேர் பேசாமல் இருப்பார்களா?

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேள்வித்தாளை மறுபடி போட்டுப் பார்த்தாள். தெரியாத கேள்வி ஒன்றுகூட இல்லை. போகப் போக வேறொரு சந்தேகம் அரிக்க ஆரம்பித்தது. வகுப்பில் வாங்கியதெல்லாம் ஆசிரியர் பிரியப்பட்டுப் போட்டதோ? நாம் அவ்வளவுதானோ? தோழிகள் கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள், கிடைக்கிற கல்லூரியில் கிடைக்கிற படிப்பில் சேர்ந்துகொள்வதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, வேதியியல் நோட்டுகளைப் பழைய பேப்பர்களோடு கட்டிவைத்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். மறுமதிப்பீட்டுக்கு. எல்லாம் நிரப்பியிருந்தது, மகளின் கையெழுத்துதான் பாக்கி.

"வேண்டாம்மா. இன்னும் குறைஞ்சா மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்?"

"குறையாது. போடு."

பெற்றவளுக்குத் தன் பிள்ளை மேல் இருக்கும் நம்பிக்கை என்று நினைத்து, மனசில்லாமல் போட்டுக்கொடுத்தாள்.

மறுநாளே அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு போய்த் தன் கையாலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் மூன்று வாரம் அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. கடைசியில் மகள்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. மார்க் போனால் போகட்டும், நீ ஒழுங்காகச் சாப்பிடு என்று பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து கொடுத்தாள். அப்போதும் அம்மாவால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

முடிவு வந்தது. எண்பத்தாறு.

அப்பா போனும் கையுமாக வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். மகள் கட்டை அவிழ்த்து நோட்டுகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். சந்தோஷம் சற்று அடங்கியதும் இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த கோபம் மேலே வந்தது.

"முதல்ல திருத்தினவங்க யாருன்னு தெரிஞ்சா ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. என் மேல அப்படி என்ன கோபம்னு."

அம்மா கட்டில் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"கோபம் இல்லம்மா, பயம். விடைத்தாள் கட்டைப் பிரிச்சதுமே உன் கையெழுத்துன்னு தெரிஞ்சுபோச்சு. அப்பவே திருப்பிக் கொடுத்திருக்கணும். பாசத்துல கூடப் போட்டுடுவேனோன்னு பயந்து, மத்த பிள்ளைங்களுக்குப் போட்ட அரை மார்க்கைக்கூட உனக்குப் போடாம விட்டுட்டேன்."