மூன்றரை அடி

“கையை இன்னும் கொஞ்சம் தூக்கும்மா. வலிக்குதா?”

“வலியெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. இதுக்கு மேல வேணாம்.”

சுவரை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை நீட்டிக்கொண்டிருந்தாள் லோகநாயகி. அவள் விரல் தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார் செல்வகுமார். அவர் டாக்டர் இல்லை, எலக்ட்ரீசியன். சேக்காட்டில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர்.

மாடியிலிருந்து இறங்கி வந்த ஸ்ரீகாந்த் கோட்டைப் பார்த்து நின்றுவிட்டான்.

“இது என்ன கோடு?”

“டி.பி. பாக்ஸ் இங்கதான் வரணுமாம் சார். அம்மா சொல்றாங்கோ.”

மெயின் ஸ்விட்ச்சும் மற்ற ஸ்விட்ச்சுகளும் அடங்கிய அந்தப் பெட்டியை வாசல் கதவுக்குப் பின்னால், தலைக்கு மேலே, யார் கண்ணிலும் படாமல் வைப்பதாகத்தான் நேற்றுப் பேச்சு. இப்போது அது ஹாலின் நட்டநடுவில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கிறது!

“ஏம்மா, வீட்டுக்குள்ள நுழையறவங்க முதல்ல இதைத்தான் பார்ப்பாங்க.”

“பார்க்கட்டுமே. கழட்டிக்கிட்டா போகப்போறாங்க?”

“கதவுக்குப் பின்னாடி வெச்சா என்னவாம்?”

“கரண்ட் போன நேரத்துல கதவைத் தள்ளிக்கிட்டு, இடுக்குல புகுந்து தடவணும். அந்த வேலையே ஆகாது.”

“அப்ப சமையலறை?”

“சிங்க்குப் பக்கத்துல கரண்ட் பெட்டியா? தம்பி, நீயே சொல்லு.”

“தண்ணி பக்கம் வேணா சார்” என்றார் செல்வகுமார், அவசரமாக.

“சரி, ஹாலுலயே இருக்கட்டும். கொஞ்சம் மேல ஏத்தலாம் இல்ல?”

“மூன்றரை அடி. ஒரு இன்ச் மேல போனாலும் பெட்டியைப் பிடுங்கிடுவேன்” என்று சொல்லிவிட்டு லோகநாயகி எழுந்து உள்ளே போனாள்.

செல்வகுமார் ஸ்ரீகாந்தின் காதருகே வந்தார். “இது மட்டும் இல்ல சார். எல்லா ரூம்லயும் ஸ்விட்ச் போர்டைக் கீழ இறக்கச் சொல்றாங்கோ. தரையோட கீற பிளக்கை மட்டும் மேல ஏத்தணுமாம், குனியவே கூடாதாம். அம்மாவுக்கு இன்னா, முட்டி வலியா?”

ஸ்ரீகாந்த் உள்ளே எட்டிப் பார்த்தான். சோபாவில் தூசி படாமல் மூடுவதற்காக, லோகநாயகி ஸ்டூலில் விறுவிறுவென்று ஏறிப் பரணிலிருந்து பழைய போர்வையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருப்பான். ஆனால் அவன் மனசில் ஒரு உறுத்தல் இருந்தது. அம்மாவிடம் அவன் சொல்லாத சேதி ஒன்று இருந்தது. கோயம்புத்தூர் கிளைக்கு மாறுதல் கேட்டு வாங்கியிருந்தான். அடுத்த மாதம் லாவண்யாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அப்படியே கிளம்பிவிடுவதாக முடிவு.

லாவண்யா அம்பத்தூரில் அவனோடு வேலை பார்ப்பவள். ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு அம்மாவை அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைத்தான். இருவரும் வாய் ஓயாமல் பேசினார்கள், சிரித்தார்கள். திரும்பும் வழியில் ஆட்டோவில் அம்மா வெகுநேரம் எதையோ யோசித்துக்கொண்டே வந்தாள். பிறகு, “தங்கமான பொண்ணுடா. ஆனா நம்ம வீடு அவளுக்குச் சரிப்படாது” என்றாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று முதல் அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

போகிற போக்கில் பழைய ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டாவது போவோம் என்றுதான் இந்த வேலையை ஆரம்பித்தான். மழை வந்தால் சுவரில் கை வைக்க முடியாத வீடு. அதில் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போவது எப்படி?

‘தனியாக இருக்கப்போகிறவள் அவள். அவளுக்கு எது வசதியோ அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று நினைத்துக்கொண்டான்.

“அம்மா சொன்ன இடத்துலயே வைங்க, செல்வா அண்ணே.”

“அப்படிப் போடு!” என்றாள் போர்வையோடு வந்த லோகநாயகி. வெற்றிக் களிப்பில் முகமெல்லாம் பல்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவனால் தாங்க முடியவில்லை. எப்படியும் ஒரு நாள் சொல்லித்தானே ஆக வேண்டும்?

“அம்மா... நான் அடுத்த மாசம் கோயம்புத்தூருக்கு...”

செல்வகுமாரின் கட்டிங் மெஷின் ‘கிர்ர்’ரென்று அலறியது. வீடு முழுக்கப் புழுதி. மூவரும் இருமித் தீர்த்தார்கள். மெஷின் நின்றபோது கோடு இருந்த இடத்தில் சதுரமாக ஒரு பள்ளம். லோகநாயகியின் தலை, ஒரே நாளில் நரைத்ததுபோல் வெளுத்திருந்தது.

“என்னமோ சொன்னியே, என்னடா?”

“ஒண்ணுமில்ல.”

“அப்ப வா, இந்த நாற்காலியில உக்காரு. எழுந்திருக்கக் கூடாது. உக்காந்தபடியே கையை நீட்டு. எட்டுதா?”

உட்கார்ந்தான். நீட்டினான். விரல்கள் பள்ளத்துக்குள் வசதியாக நுழைந்தன.

“எட்டுது. ஆனா நான் நின்னுக்கிட்டே போட்டுக்குவேனே. எனக்கு எதுக்கும்மா இவ்வளவு கீழ?”

“உனக்கு யாருடா வெச்சா? வீல்சேர்ல உக்காந்தபடியே லாவண்யாவுக்கு எட்ட வேணாமா?”