மேஸ்திரி காட்டிய கடல்

கன்னியம்மாவுக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. ஆறு நாள் ஜல்லி உடைத்த கை.

ஏழாம் நாளும் கல்லைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள். அதுவும் ஜல்லி லாரியில், நின்றுகொண்டே.

எழுபத்து நாலாம் வருசக் காணும் பொங்கல். செங்கல்பட்டு சனத்தில் பாதி மாமல்லபுரத்துக் கரையில் கிடந்தது.

'புள்ளைங்களுக்குக் கடலைக் காட்டுறேன்' என்று குவாரிப் பொம்பளைகளை ஏற்றிவந்தவர் மேஸ்திரி ஜானகிராமன். கடலுக்கு ஆசைப்பட்டு அவள் ஏறவில்லை. கூலி என்று வாயெடுத்தாலே சைக்கிளில் ஏறிப் பறந்துவிடுகிற மனுசன், லாரியோடு வந்தால் எங்கே போவார்?

எங்கும் போகவில்லை. காட்டிக்கொண்டே இருந்தார்.

"மேஸ்திரி, கூலி..."

"அதோ பாரு கன்னிம்மா, லைட் அவுசு."

செல்லம்மா கேட்டதற்குக் கோயிலைக் காட்டினார். இன்னொருத்தி கேட்குமுன் அலையைக் காட்டினார். ஒரே நாளில் இவ்வளவு அழகை அவர்கள் சன்மத்தில் பார்த்ததில்லை.

பாதி செதுக்கி விட்டுப்போன பாறை ஒன்றின் முன்னால் அவள் மகள் பாப்பா நின்றுவிட்டாள். யானைக்குத் தலை இருந்தது, கால் இல்லை.

"ஏன் பாதில வுட்டுட்டாங்க?"

"ராஜா செத்துப்பூட்டாரு," என்றார் மேஸ்திரி. சரித்திரமெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பாப்பாவுக்கு ஏழு வயசு. தொட்டில் கட்டியதே குவாரியில்தான். பாறையை ஒரு சுற்று சுற்றிவந்தாள்.

"கூலி குடுத்துருக்க மாட்டாங்க."

பொம்பளைகள் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக மேஸ்திரி சிரித்தார். சிரித்தபடியே சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

பொம்பளைகளின் சிரிப்பு நின்றது.

கையில் நாலணா வந்தது. பாப்பா கழுத்துக்கு ஒரு கிளிஞ்சல் மாலை வாங்கிப் போட்டார்.

கிளம்புகிற நேரம் பார்த்து லாரியின் பின்சக்கரம் மணலில் புதைந்துகொண்டது.

"எல்லாம் எறங்கித் தள்ளுங்கம்மா. இருட்டுறதுக்குள்ள போவணும்."

தள்ளினார்கள். பாறையை நெம்பிப் பழகிய கைகள். சக்கரம் குழியிலிருந்து பாதி ஏறிவிட்டது.

கன்னியம்மா ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். கையைத் தட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். செல்லம்மாவும் உட்கார்ந்தாள். மற்றவர்களும்.

"இன்னாம்மா இது, பாதில வுட்டுட்டீங்க?"

"ராஜா செத்துப்பூட்டாரு மேஸ்திரி," என்றாள் கன்னியம்மா.

மூணு வாரக் கூலி. ஆளுக்கு நாற்பத்தஞ்சு ரூபாய் பாக்கி.